ரெசின் எதைப் பிடித்திருக்கிறது? ஆக்டினைடுப் பிணைப்பை நிறமாலையால் அறியும் வழி

தோரியம், யுரேனியம், புளூட்டோனியம் போன்ற ஆக்டினைடு உலோகங்களைக் கரைசலிலிருந்து பிடித்துப் பிரிக்கும் மணிகள்தான் இங்கே ரெசின். பங்கீட்டு விகிதத்தை அளந்து வரைபடம் போட்டதும் அந்த ரெசினின் வேதியியல் புரிந்துவிட்டது என்று நினைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பலரோடு நான் வேலை செய்கிறேன். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கரைசலில் இருந்த உலோகத்தில் எவ்வளவு ரெசினுக்குப் போயிற்று என்பது. எந்த வடிவத்தில் போயிற்று, எத்தனை நைட்ரேட்டைக் கூட்டிக்கொண்டு போயிற்று, தண்ணீர் மூலக்கூறுகளை உதறிவிட்டுப் போயிற்றா, போன பிறகு ஆக்சிஜனேற்ற நிலை மாறியதா? இவை எதற்கும் அதனிடம் விடை கிடையாது.

தோரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 மோலார் நைட்ரிக் அமிலத்திலிருந்து டெவா ரெசினும் அதைப் பிடிக்கிறது, யூடெவா ரெசினும் பிடிக்கிறது. டெவாவில் இருப்பது அலிக்வாட் 336 என்னும் நான்கிணைய அமோனியம் உப்பு; அங்கே தோரியம் ஆறு நைட்ரேட்டுகளோடு எதிரயனியாகி, அதாவது எதிர்மின்சுமை கொண்ட அயனியாகி, உட்காருகிறது. யூடெவாவில் இருப்பது டைபென்டைல் பென்டைல்பாஸ்பொனேட். அங்கே அதே தோரியம் மின்சுமையற்ற நைட்ரேட்டாக, பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள பாஸ்போரைல் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "தோரியம் ஒட்டியது" என்ற ஒரே செய்திதான். எந்தக் கரைசலால் கழுவி எடுப்பது, பாஸ்பேட்டோ இரும்போ குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

சாய்வுப் பகுப்பாய்வு போதாதா என்று கேட்பீர்கள். உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறான பிரித்தெடுப்பானின் செறிவை மாற்றி மாற்றிப் பங்கீட்டு விகிதத்தை அளந்து, ஓர் உலோக அயனியை எத்தனை மூலக்கூறுகள் பற்றுகின்றன என்பதைக் கோட்டின் சாய்விலிருந்து படிப்பதுதான் அது. திரவ-திரவப் பிரிப்பில் அது நல்ல கருவி. அங்கே பிரித்தெடுப்பானின் செறிவை விருப்பம்போல் மாற்றலாம். ரெசினிலோ பிரித்தெடுப்பான் ஏறத்தாழ 40 சதவீத எடையில் பாலிமர் மணிகளின் துளைகளுக்குள் நிரப்பப்பட்டு வருகிறது. அதை மாற்ற வேண்டுமானால் ரெசினையே நீங்கள் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அவ்வளவு செறிவான ஊடகத்தில் செயல்திறன் குணகங்களும் (செறிவுக்கும் உண்மையான வேதிச் செயலுக்கும் உள்ள விகிதம்) சீராக இருப்பதில்லை. அதனால் கேள்வியை ரெசினிடமே நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அளப்பதற்கு முன்: மூன்று துணை மாதிரிகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களென்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். உலோகம் ஏறிய ரெசினைத் தனியாக அளந்தால் அந்த நிறமாலைக்குப் பொருளே இல்லை. அதோடு எப்போதும் மூன்று மாதிரிகள் கூடவே வர வேண்டும்.

முதலாவது, உலோகம் இல்லாமல் அதே அமிலத்தில் அதே நேரம் ஊறிய ரெசின். பெட்டியிலிருந்து எடுத்த உலர்ந்த ரெசின் இந்த இடத்தை நிரப்பாது. நைட்ரிக் அமிலமும் பிரித்தெடுப்பானோடு பிணைகிறது; நைட்ரேட் பட்டைகளையும் பாஸ்போரைல் நகர்வையும் அது தனியாகவே உண்டாக்கிவிடும். இரண்டாவது, ரெசினே இல்லாமல் அதே அமிலத்தில் கரைந்த அதே உலோகம். மூன்றாவது, அதே பிரித்தெடுப்பானை டோடெக்கேன் போன்ற கரைப்பானில் கரைத்து, அதே அமிலத்திலிருந்து அதே உலோகத்தை இழுத்த கரிம அடுக்கு. உலோகமும் அதைப் பற்றிய மூலக்கூறுகளும் சேர்ந்த இந்த அணைவு கரைசலில் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்த செய்தி. ரெசின் அதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதுதான் நம் கேள்வி.

என் மேசையில் இவற்றுக்கு முறையே வெள்ளை, நீலம், மஞ்சள் மூடிகள். உலோகம் ஏறிய ரெசினுக்குச் சிவப்பு. நான்கு மூடிகளும் ஒரே தட்டில் இல்லாத நாளில் கருவியை இயக்க நான் அனுமதிப்பதில்லை. ஒரு வாரம் கழித்துப் புது அமிலத்தில் உலோகமற்ற ஒப்பீட்டு மாதிரி தயாரித்துப் பழைய நிறமாலையிலிருந்து கழிப்பது அளவீடே அல்ல.

மாதிரி தயாரிப்பு

தோரியத்தில், அல்லது வறிய யுரேனியத்தில் தொடங்குங்கள். அமெரிசியம், கியூரியத்துக்குப் பதிலாக யூரோப்பியத்தில் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இவற்றின் அயனி ஆரங்கள் நெருக்கமானவை. யூரோப்பியத்துக்குக் கதிரியக்க உரிமமும் வேண்டாம். புளூட்டோனியத்தைத் தொடுவது குளோவ் பாக்ஸும் பயிற்சியும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதலும் கையில் இருக்கும்போது மட்டுமே.

எவ்வளவு உலோகம் ஏற்றுவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். யூடெவாவின் பாஸ்பொனேட்டுக்கு மூலக்கூறு எடை 292. ஒரு கிராம் ரெசினில் 0.4 கிராம் என்றால் சுமார் 1.37 மில்லிமோல். ஒரு யுரேனைலுக்கு (இரண்டு ஆக்சிஜனோடு சேர்ந்த யுரேனிய அயனி) இரண்டு பாஸ்பொனேட் என்று வைத்தால் உச்சவரம்பு கிராமுக்கு 160 மில்லிகிராம் யுரேனியம். நிறமாலை பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற ஆசையில் அந்த வரம்பை நெருங்காதீர்கள். பிரித்தெடுப்பான் தீரத் தீர, உலோகம் குறைவான ஈனிகளோடு (அதைப் பற்றும் மூலக்கூறுகளோடு) வேறு அணைவாக மாறக்கூடும். உண்மையான பிரிப்பு வேலையில் இல்லாத ஓர் அணைவை அளந்துகொண்டிருப்பீர்கள். நான் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்பேன். கூடவே அதில் பாதி அளவு ஏற்றிய இன்னொரு மாதிரியும் வைப்பேன். இரண்டின் வடிவமும் ஒன்றாக இருந்தால் தொடரலாம். மாறினால், அந்த மாற்றத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

ரெசினை முதலில் உலோகமற்ற அமிலத்தில் ஊறவைத்து, அந்த அமிலத்தை வடித்துவிட்டு, பிறகு உலோகக் கரைசலைச் சேர்த்து ஷேக்கரில் வையுங்கள். 50 முதல் 100 மைக்ரோமீட்டர் மணிகளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி மேலிருக்கும் திரவத்தை எடுங்கள். தண்ணீரால் கழுவவே கூடாது. பல ரெசின்களில் நீர்த்த அமிலமே உலோகத்தைக் கழற்றும் கரைசல். தண்ணீர் பட்ட கணத்தில் நைட்ரேட்டுகள் உதிரத் தொடங்கும். கழுவ வேண்டுமென்றால் அதே செறிவுள்ள அமிலத்தால், ஒரே முறை, சுருக்கமாக.

மணிகளுக்கிடையே தங்கிய திரவத்தை மறந்துவிடாதீர்கள். ஈர ரெசின் கிராமுக்கு ஒரு மில்லி திரவத்தை வைத்திருக்கிறது என்று கொள்வோம். பங்கீட்டு விகிதம் 100 என்றால் அளக்கும் உலோகத்தில் 1 சதவீதம்தான் அந்தத் திரவத்தில் இருக்கும். விகிதம் 5 என்றால் ஆறில் ஒரு பங்கு அங்கேதான். உங்கள் "ரெசின் நிறமாலை"யில் ஆறில் ஒரு பங்கு வெறும் கரைசலின் நிறமாலை. நைட்ரிக் அமிலத்திலிருந்து யுரேனியத்தை டெவா வலுவாகப் பிடிப்பதில்லை. அங்கே இந்தத் தொல்லை முழு வீச்சில் வரும். இரண்டாவது துணை மாதிரி இல்லாமல் அதைக் கழித்து எடுக்க வழியில்லை.

ரெசினை உலர்த்தாதீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள். வேதியியல் காரணம்: நாம் பயன்படுத்தும் செறிவுகளில் காயும்போது தண்ணீர்தான் முதலில் போகிறது, மீந்த அமிலம் செறிவேறிக்கொண்டே போய், 3 மோலாரில் தயாரித்த மாதிரி அதைவிட வலுவான அமிலத்தின் வேதியியலைக் காட்டும். இன்னொன்று உயிர்ப் பாதுகாப்புக் காரணம். 1976 ஆகஸ்டில் ஹான்ஃபோர்டில், பல மாதங்கள் ஓடாமல் கிடந்த அமெரிசியம் ஏறிய ரெசின் குழாயில் நைட்ரிக் அமிலம் செலுத்தப்பட்டபோது அது வெடித்து, ஹரோல்டு மெக்ளஸ்கி என்ற பணியாளர் பெரும் அளவு அமெரிசியத்துக்கு ஆளானார். நம் மாதிரிகள் மில்லிகிராம் அளவுதான். ஆனாலும் கரிமப் பொருள், நைட்ரிக் அமிலம், ஆல்ஃபாக் கதிர் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் குப்பியைச் சூடாக்கக் கூடாது, காயவிடக் கூடாது, மாதக்கணக்கில் மறந்து வைக்கவும் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில்

ரெசினை நேரடியாக ஒளிக்கதிரில் வைத்து அளக்கும் வழக்கம் பழையது. 1960இல் ஜாக் ரையன், நான்காம் ஆக்சிஜனேற்ற நிலை ஆக்டினைடுகள் எதிரயனிகளைப் பிடிக்கும் ரெசினில் எந்த வடிவத்தில் உட்காருகின்றன என்பதை ரெசினின் உறிஞ்சு நிறமாலையைக் கொண்டே காட்டினார். விடை: ஆறு நைட்ரேட்டுகள் சூழ்ந்த ஒற்றை உலோக எதிரயனி, சுருக்கமாக ஆறு நைட்ரேட் அயனி. வெளியிலுள்ள கரைசலில் அந்த அயனி சொற்பமாக இருக்கும் அமிலச் செறிவுகளிலும் ரெசினுக்குள் அதுதான் இருக்கிறது. கரைசலில் அதிகமாக இருப்பதுதான் ரெசினுக்குள்ளும் போகும் என்ற ஊகம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1 மில்லிமீட்டர் தடிமனுள்ள குவெட்டில் (ஒளிபுகும் அளவீட்டுக் கலத்தில்) ஈர ரெசினை நிரப்பி, சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுழற்றி அமர வையுங்கள். ஒப்பீட்டுக் கதிரில் வெள்ளை மூடி மாதிரி, அதே தடிமன், அதே அமர்வு. ஒளிச்சிதறல் நீலப் பக்கம் போகப் போக ஏறும். சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒருங்கிணைப்புக் கோளம் இருந்தால் பெருமளவு அடங்கும். சிதறலைக் குறைக்க ரெசினின் ஒளிவிலகல் எண்ணுக்கு ஒத்த கரிமத் திரவத்தில் ஊறவைக்கும் யோசனை அயனிப் பரிமாற்ற ரெசினுக்குச் சரி, இங்கே உதவாது. நம் பிரித்தெடுப்பான் மணியோடு வேதிப் பிணைப்பில் இல்லை, துளைகளுக்குள் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். டொலுயீன் ஊற்றினால் கரைந்து வெளியே வந்துவிடும்.

எதைத் தேடுவது? யுரேனைல் 350 முதல் 500 நானோமீட்டருக்குள் படிப்படியான கூர்முனைகளைக் காட்டும். தண்ணீர் மட்டுமே சூழ்ந்த நீரயனியில் உச்சம் 414க்கு அருகே. மூன்று நைட்ரேட்டுகள் சேர்ந்த யுரேனைல் எதிரயனிக்கு 426, 438, 452, 467 நானோமீட்டர் அருகே தெளிவான வரிசை உண்டு. அந்த வரிசை டெவாவில் வருகிறதா, யூடெவாவில் வராமல் மஞ்சள் மூடி மாதிரியைப் போல் இருக்கிறதா என்று பாருங்கள். நான்காம் நிலைப் புளூட்டோனியத்தில் 609, 744 நானோமீட்டர் பட்டைகள் ஆறு நைட்ரேட் அயனியின் கையெழுத்து. நெப்டூனியத்தில் ஐந்தாம் நிலைக்கு 980, நான்காம் நிலைக்கு 960க்கு அருகே, ஆறாம் நிலைக்கு 1223. இதை ஏற்றிய உடனும் மறுநாளும் இரண்டு முறை அளந்தே ஆக வேண்டும். நான்காம், ஆறாம் நிலைகளை ரெசின் விரும்பிப் பிடிப்பதாலும், கதிர்வீச்சால் கரைசல் சிதையும் கதிர்ப்பகுப்பில் நைட்ரஸ் அமிலம் உருவாவதாலும் நெப்டூனியம் நிலை மாறிக்கொண்டிருக்கும்.

தோரியத்துக்கு இங்கே ஒன்றுமில்லை. இத்தகைய பட்டைகளைத் தரும் எலக்ட்ரான்கள் இருக்க வேண்டிய அதன் 5எஃப் கூடு காலி. வெற்றுக் கோடுதான் வரும். அடுத்த முறைக்குப் போங்கள்.

அகச்சிவப்பில்: தாங்கி மணி குறுக்கே நிற்கும்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாஸ்போரைல் இரட்டைப் பிணைப்பு உலோகத்தோடு சேரும்போது அதன் அதிர்வு கீழிறங்கும். டிபிபி எனப்படும் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டில் அது 1280 செ.மீ⁻¹ அருகிலிருந்து, யுரேனைல் நைட்ரேட்டோடு பிணைந்ததும் 1190க்கு அருகே வந்துவிடும். பாஸ்பொனேட்டிலும் இதே திசைதான். கரைசலில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ரெசினில் அப்படி இல்லை, ஏனென்றால் தாங்கி மணி அக்ரிலிக் எஸ்டர் பாலிமர். அதன் கார்பன்-ஆக்சிஜன் பட்டைகள் 1150 முதல் 1270 வரை அகலமாகப் பரந்து கிடக்கின்றன. நீங்கள் தேடும் நகர்வு முழுவதும் அதற்கு அடியில் புதைந்திருக்கும். பிணைந்த நைட்ரேட்டின் 1275 பட்டையும் அங்கேதான் வந்து விழுகிறது.

வழி இருக்கிறது. அதே எஸ்டரின் கார்போனைல் பட்டை 1730க்கு அருகே தனியே நிற்கிறது; உலோகம் அதைத் தொடுவதில்லை. சிவப்பு மூடி, வெள்ளை மூடி இரண்டின் நிறமாலைகளையும் அந்த 1730 பட்டையின் உயரம் சமமாகும்படி அளவு திருத்தி, பிறகு கழியுங்கள். 1730இல் கோடு தட்டையாகிவிட்டால் எஸ்டரின் மற்றப் பட்டைகளும் போய்விட்டன என்று நம்பலாம். மிஞ்சும் வேறுபாட்டு நிறமாலையில், கட்டற்ற பாஸ்போரைல் குறைந்த இடம் பள்ளமாகவும், பிணைந்த பாஸ்போரைல் புதிதாக வந்த இடம் மேடாகவும் தெரியும். வெள்ளை மூடி மாதிரி அமிலத்தில் ஊறியதாக இருக்க வேண்டும் என்று அத்தனை வற்புறுத்தியது இதற்காகத்தான். நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்ட பாஸ்போரைலும் கீழிறங்கும். உலர்ந்த ரெசினைக் கழித்தால் அமிலம் செய்த வேலையை உலோகத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

டைகிளைகோலமைடைப் பிரித்தெடுப்பானாகக் கொண்ட டிஜிஏ ரெசின் இந்த வகையில் இரக்கமுள்ளது. அதன் அமைடு கார்போனைல் 1655 அருகிலிருந்து 1620க்கும் கீழே வரை இறங்கும். எஸ்டர் அங்கே குறுக்கிடாது. ஆனால் தண்ணீரின் வளைவு அதிர்வு 1640இல் இருக்கிறது, நம் மாதிரியோ ஈரமானது. டிஜிஏ வேலைக்கு மட்டும் கனநீரில் அமிலக் கரைசல் தயாரியுங்கள். அந்த வளைவு 1210க்கு இறங்கிவிடும். பாஸ்பொனேட் ரெசினுக்குக் கனநீர் வேண்டவே வேண்டாம், அங்கே 1210தான் நமக்குத் தேவையான பகுதி.

நைட்ரேட் பட்டைகளும் பேசும். இரு கரங்களால் உலோகத்தைப் பற்றிய நைட்ரேட் 1525க்கு அருகே ஒரு பட்டை தரும். தனித்த நைட்ரேட் அயனி 1350 முதல் 1390க்குள் நிற்கும். மாதிரியை மேலே வைத்து அகச்சிவப்பை அளக்கும் ஏடிஆர் படிகம் வைரமாக இருக்கட்டும். துத்தநாக செலினைடு படிகத்தில் வலுவான அமிலத்தை வைத்தால் படிகமும் கெடும், நச்சு வாயுவும் வரும்.

ராமன் முறை யுரேனைலுக்கு நல்ல துணை. நீரயனியில் 870இல் இருக்கும் சமச்சீர் அதிர்வு, ஈனிகள் பிணையப் பிணையக் கீழிறங்கும். 785 நானோமீட்டர் லேசரைக் குறைந்த திறனில் பயன்படுத்துங்கள். ஒளிர்தல் தொல்லை குறையும், மணியும் சூடாகாது.

ஒளிரும் அயனிகளில் தண்ணீரை எண்ணுவது

யூரோப்பியமும் கியூரியமும் ஒளிரும்போது, அருகிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் அந்த ஆற்றலைத் தட்டிப் பறிக்கின்றன. ஆகவே ஒளிர்தலின் ஆயுட்காலம் அயனியை ஒட்டிய முதல் கூட்டிலுள்ள தண்ணீரின் எண்ணிக்கையைச் சொல்லும். ஒளிர்தலின் சிதைவு வீதத்தை (ஆயுட்காலத்தின் தலைகீழ்) மில்லிநொடிக்கு இத்தனை என்று எடுத்துக்கொண்டால், யூரோப்பியத்துக்கு 1.07ஆல் பெருக்கி 0.62ஐக் கழிக்க வேண்டும், கியூரியத்துக்கு 0.65ஆல் பெருக்கி 0.88ஐக் கழிக்க வேண்டும். நீரயனியில் யூரோப்பியத்தின் ஆயுள் 110 மைக்ரோநொடி, வீதம் 9.1, தண்ணீர் 9. கியூரியத்துக்கு 65 மைக்ரோநொடி, அதற்கும் 9. உங்கள் கருவியில் இந்த இரண்டு எண்களும் வந்தால்தான் ரெசினைத் தொடலாம்.

சிதறல் தொல்லை இங்கே ஏறத்தாழ இல்லை. 394 நானோமீட்டரில் தூண்டி, பத்து மைக்ரோநொடி பொறுத்துப் பதிவைத் தொடங்கினால் சிதறிய லேசரும் பாலிமரின் சொந்த ஒளிர்தலும் அதற்குள் மறைந்துவிடும். டிஜிஏ ரெசினில் மூன்று டைகிளைகோலமைடுகள் ஆளுக்கு மூன்று ஆக்சிஜனோடு சூழ்ந்து ஒன்பது இடங்களையும் நிரப்பினால், ஆயுள் ஒரு மில்லிநொடியைத் தாண்டும். கணக்கில் தண்ணீர் பூச்சியத்துக்கு அருகே வரும்.

அவசரப்பட்டு முடிவு எழுதாதீர்கள். தண்ணீரை வெளியே தள்ளியது ஈனியா, நைட்ரேட்டா? ஆயுட்காலத்துக்கு அது தெரியாது. ஈனியே இல்லாமல் அதே அமிலத்தில், அதாவது நீல மூடி மாதிரியில், எத்தனை தண்ணீர் மிச்சமிருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்தே பேச வேண்டும். 592, 616 நானோமீட்டர் பட்டைகளின் விகிதமும் மஞ்சள் மூடி மாதிரியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சிதைவு வளைவு இரண்டு ஆயுட்காலங்களைக் கேட்டால், குறுகியது 110 மைக்ரோநொடிக்கு அருகே இருந்தால், அது பெரும்பாலும் மணிகளுக்கிடையே தங்கிய கரைசல்தான்.

யுரேனைலும் ஒளிரும். ஆனால் குளோரைடு அதை அணைத்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமில மாதிரிகளில் முயல வேண்டாம்.

எக்ஸ்-கதிரில் தூரங்கள்

வலுவான எக்ஸ்-கதிர் தரும் சிங்க்ரோட்ரானில் நேரம் கிடைத்தால் எக்ஸாஃப்ஸ் செய்யுங்கள்; உலோகத்தைச் சுற்றியுள்ள அணுக்களின் தூரத்தை எக்ஸ்-கதிர் உறிஞ்சலிலிருந்து கணக்கிடும் முறை அது. மற்ற முறைகள் முடிந்த பிறகே போங்கள். கேள்வி கூர்மையாகாமல் அங்கே போனால் நேரம் வீண். உறிஞ்சல் திடீரென ஏறும் ஆற்றலான எல்3 விளிம்பு தோரியத்துக்கு 16,300, யுரேனியத்துக்கு 17,166, புளூட்டோனியத்துக்கு 18,057 எலக்ட்ரான் வோல்ட். யுரேனியத்துக்கு ஆற்றல் அளவைச் சரிபார்க்க யிட்ரியம் தகடு வசதி, அதன் விளிம்பு 17,038.

யுரேனைலின் இரு அச்சு ஆக்சிஜன்கள் 1.77 ஆங்ஸ்ட்ராம் அருகே. நடுத்தளத்தில் பாஸ்போரைல் ஆக்சிஜன் 2.4க்கு அருகே, இரு கர நைட்ரேட்டின் ஆக்சிஜன் 2.5க்கு அருகே. அந்த நைட்ரேட்டின் நைட்ரஜன் 2.9க்குச் சற்று மேலே, வெளிப்பக்க ஆக்சிஜன் 4.2 அருகே. இவை இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நைட்ரேட் இரு கரங்களால் பற்றியிருக்கிறது என்று துணிந்து எழுதலாம்.

இந்த முறையால் முடியாததையும் தெரிந்து வையுங்கள். 2.4இல் இருக்கும் ஆக்சிஜன் பாஸ்பொனேட்டுடையதா, தண்ணீருடையதா என்று எக்ஸாஃப்ஸ் பிரித்துக் காட்டாது. பாஸ்பரஸ் தொலைவில், மாறும் கோணங்களோடு இருப்பதால் அதன் சைகை மங்கல். அணைவு எண்ணில் பத்து, இருபது சதவீதப் பிழை இயல்பு. மாதிரியில் இரண்டு அணைவுகள் கலந்திருந்தால் இரண்டின் சராசரிதான் வரும், "4.6 ஆக்சிஜன்" என்ற எண்ணைக் கண்டு புது அணைவு கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அகச்சிவப்பும் ஒளிர்தல் ஆயுட்காலமும் இட்ட எல்லைக்குள் வைத்தே இதைப் பொருத்த வேண்டும்.

மாதிரியை ஈரமாகவே இரட்டை உறையில் மூடுங்கள், கேப்டான் சன்னல் போதும். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். விளிம்பு நகர்ந்திருந்தால் கதிரே உலோகத்தை ஒடுக்கியிருக்கிறது. ஆறாம் நிலை நெப்டூனியத்திலும் புளூட்டோனியத்திலும் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அளந்த பிறகு

அளவீடு முடிந்த ரெசினை அப்படியே குப்பைக்கு அனுப்பாதீர்கள். தகுந்த கழற்றும் கரைசலால், யூடெவாவில் யுரேனியத்துக்கு என்றால் 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால், உலோகத்தை இறக்கி அளவெடுங்கள். ஏறியதும் இறங்கியதும் பொருந்தினால், நீங்கள் பார்த்த நிறமாலை மீளக்கூடிய பிணைப்பினுடையது. கணிசமான பங்கு இறங்காமல் நின்றால், அதுவும் நிறமாலைக்குள் கலந்திருந்தது என்று கொள்ள வேண்டும். நீராற்பகுப்பில் உருவான பாலிமரா, சிதைந்த பிரித்தெடுப்பானில் உண்டான அமிலப் பாஸ்பொனேட்டா என்று தேடுங்கள். நான்காம் நிலை உலோகங்களில் முதலில் இந்த இரண்டையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு நைட்ரேட் முழுவதும் போகும்வரை ரெசினைக் கழுவி, ஈரமாகவே, வாயு வெளியேற வழியுள்ள மூடியிட்ட கழிவுக் கலத்தில் சேருங்கள். கலத்தின்மேல் உலோகம், அளவு, கடைசியாகத் தொட்ட அமிலம், தேதி நான்கையும் அழியாத மையில் எழுதிய பின்பே கையுறையைக் கழற்றுங்கள்.